மார்கழியில் வாங்கிய பல் காப்புறுதி

பல்லில் நோவில்லாத நாளில் ஒருவரும் எங்களைக் கூப்பிடுவதில்லை. புதிதாக லைசென்ஸ் எடுத்து இந்த வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகளே, இதை முதலிலேயே மனதில் போட்டு வையுங்கோ. உயிர்க் காப்புறுதி விற்கிறவரைக் கண்டால் சனம் பயந்தாவது ஒதுங்கும். எங்களைக் கண்டால் அந்தப் பயம்கூட இல்லை. "பல்லுத்தானே அக்கா, பேந்து பாப்பம்" என்று, பிறகு பார்ப்பதாக ஒரு சொல். அதோடு கதை முடிந்தது.

கலியாண வீட்டில் நான் போய் ஒரு மேசையில் இருந்தால் பக்கத்துக் கதிரைகள் மெல்ல மெல்ல வெறுமையாகும். சாப்பாட்டு வரிசையில் முன்னுக்கு நிற்கிறவர் திரும்பிப் பார்த்து, "அக்கா, இங்கையும் பையோடையோ வந்தனியள்?" என்று கேட்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ரொக்ஸ்பரோவில் ஒரு வீட்டு மணியை அடித்தபோது உள்ளே ரீவீச் சத்தம் சட்டென்று குறைந்ததை என் காதாலேயே கேட்டேன். பனிக்குள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி ஸ்ரேஷனுக்கு நடந்தேன். இந்த வேலையில் ஒரு நாளைக்குப் பத்துப் பேரோடு கதைப்பீர்கள். பின்னேரம் வீட்டுக்கு வந்தால் கதைக்க ஒருவரும் இருக்கமாட்டார்கள். அதையும் யாராவது சொல்லித்தர வேண்டுமல்லவா, நான் சொல்கிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோன ஆள் நான். இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து பெரியவர்கள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் இருந்து படித்து, லைசென்ஸ் சோதனையில் விழுந்து விழுந்து எழும்பினவள். படிப்புக் குறைந்தவளுக்குப் பயம் கூட. கதவைப் பூட்டிவிட்டுப் பஸ் தரிப்பு வரைக்கும் போய், பூட்டினேனோ என்று திரும்பி வருகிற ஆள். ஒருவருக்கு ஒரு திட்டத்தை விளக்கிவிட்டு வந்தால், சரியாகத்தான் சொன்னேனோ என்று தாளைத் திரும்ப வாசிப்பேன். திரும்பவும் போன் எடுத்து அதையே சொல்வேன். "அக்கா, இதை நீங்கள் காலமையும் சொன்னனீங்கள்" என்பார்கள்.

எங்கள் அலுவலகம் நோத்ர-டாம்-த-கிரேஸ் என்ற பகுதியில், ஒரு சலவைக் கடைக்கு மேலே இருந்தது. முதலாளி சென்னைக்காரர். நல்ல மனிதர், ஆனால் நாக்கு நீளம். "பல் இன்சூரன்ஸ் விக்கிற அம்மாவுக்கே பல் இன்சூரன்ஸ் கிடையாது பாருங்க" என்று வருகிறவர்களிடம் பகிடி விடுவார். உண்மைதான். கமிஷனுக்கு வேலை செய்கிற எங்களுக்கு எந்த வேலையிடத்துக் காப்புறுதி? என்னுடையதை நானே எனக்கு விற்றேன். தனி ஆள் திட்டம். புருசன் போய்ச் சேர்ந்துவிட்டார், மகன் கல்கரியில்.

தனி ஆள் திட்டம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. தொடக்கத்தில் எல்லாரிடமும் நான் முதலில் கேட்கிற கேள்வி, "தனியவோ, குடும்பமாவோ?" என்பதுதான். ஒரு டக்சிக்காரர் இருந்தார். சொந்தக் கார் ஓடுகிறவர், அவருக்கும் வேலையிடத்துக் காப்புறுதி இல்லை. அந்தக் கேள்விக்கு என் முகத்தைப் பார்க்காமல், "குடும்பமாத்தான்" என்றார். மனைவி, இரண்டு பிள்ளைகள், பெயர் எல்லாம் தந்தார். அடுத்த வருடம் பார்த்தால் பல் துப்புரவாக்கினது அவர் மட்டும்தான். மற்ற மூன்று பேரும் ஒரு முறைகூடப் பல் டொக்டரிடம் போகவில்லை. எனக்கு வழக்கம்போலப் பயம் பிடித்துவிட்டது, நான்தான் ஏதோ பிழையாகப் பதிந்துவிட்டேன் என்று. எடுத்துக் கேட்டேன்.

"அவை ரொறன்ரோவுக்குப் போய்க் கனகாலம் அக்கா," என்றார்.

"அப்ப தனி ஆளா மாத்தி விடட்டோ, அண்ணை?"

"வேண்டாம். அப்பிடியே கிடக்கட்டும்."

அன்றையோடு அந்தக் கேள்வியை விட்டேன். நீங்களும் விடுங்கோ. "ஆர் ஆருக்கு வேணும்?" என்று கேளுங்கோ. கேட்கிற விசயம் ஒன்றுதான். ஆனால் ஒரு ஆள் தன் வாயால் "தனிய" என்று சொல்லவேண்டி வராது.

இனித் தவமணியின் கதைக்கு வருகிறேன். உண்மையில் இதைச் சொல்லத்தான் தொடங்கினேன்.

தவமணி கோட்-டெ-நெய்ஜில் ஒரு அப்பார்ட்மென்டில் தனியாக இருந்தவள். என்னைவிடக் கொஞ்சம் இளையவள். சாப்பாடு பொதி செய்கிற ஒரு தொழிற்சாலையில் வேலை. அங்கே நல்ல காப்புறுதி, பல்லுக்கும் இருந்தது. ஐப்பசி நடுவில் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். வேலையோடு காப்புறுதியும் போய்விட்டது.

இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கோ. வேலையிடத்துக் காப்புறுதி போனவருக்கு எங்களிடம் ஒரு தனித் திட்டம் இருந்தது. இரண்டு மாதத்துக்குள் எடுத்தால் உடம்பைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கமாட்டார்கள், காத்திருப்புக் காலமும் இல்லை. அந்த இரண்டு மாதத் தவணை பிந்தினால் மற்றவர்கள் எடுக்கிற பொதுத் திட்டம்தான் எடுக்கவேண்டும். அதில் ரூட் கனால், கிரவுன் மாதிரிப் பெரிய வேலைகளுக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஒரு சதமும் தரமாட்டார்கள். தவமணிக்கு வலப்பக்கக் கடைவாய்ப் பல் இரண்டும் பழுது. தொழிற்சாலை மூட முதலே பல் டொக்டர் சொல்லிவிட்டாராம், இதை இழுத்தடிக்கக் கூடாது, தொற்று எலும்புக்கு இறங்கும் என்று.

கார்த்திகையில் அவளுக்கு எல்லாம் விளங்கப்படுத்தினேன். "புது வேலை ஒண்டு வருது அக்கா, அங்கை தருவினம்" என்றாள். வந்தது ஒப்பந்தத்துக்குத் துப்புரவு செய்கிற கொந்திராத்து வேலை. சம்பளம் மட்டும்தான், வேறு ஒன்றும் இல்லை. அது தெரிந்து அவள் என்னைக் கூப்பிட்டபோது மார்கழி பிறந்துவிட்டது.

"எல்லாம் சரி அக்கா, எடுப்பம்," என்றாள். "ஆனா தை பிறக்கட்டும்."

எங்கள் ஆட்களுக்கு மார்கழி என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வீடு மாறமாட்டோம், கலியாணம் பேசமாட்டோம், ஒரு புதுக் காரியமும் தொடங்கமாட்டோம். வெள்ளைக்கார ஏஜென்டாக இருந்தால் இதைக் கேட்டுச் சிரித்திருப்பான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானே மார்கழியில் ஒரு புதுச் சட்டிகூட வாங்கமாட்டேன்.

நத்தார் பண்டிகை லீவுக்கு அலுவலகம் பூட்டப் போகிறது, திரும்பத் திறக்கும்போது அவளின் தவணை போய்விடும் என்ற நிலை வந்தது. கடைசி நாள் மத்தியானம் முதலாளியிடம் சொன்னேன்.

"அம்மா, போய்க் கையெழுத்த வாங்கிட்டு வாங்க. மார்கழியாவது மண்ணாவது. பல்லுக்குத் தெரியுமா மார்கழின்னு?"

"கையெழுத்து வைச்சாப்பிறகு அந்தப் பிள்ளைக்கு ஏதும் நடந்தா, சேர்?"

"என்ன நடக்கும்? பல் வலி போகும்!"

பஸ்ஸில் போகும்போது ஒரு நியாயம் கண்டுபிடித்தேன். இது புதுக் காரியமே இல்லை, பழைய காப்புறுதியின் தொடர்ச்சிதான், ஆகவே தோஷம் இல்லை. கெட்டித்தனமான கதையாகத் தெரிந்தது. வழி முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். வெளியே பனி பக்கவாட்டில் அடித்துக்கொண்டிருந்தது.

தவமணி கதவைத் திறந்தபோது கன்னத்தைச் சுற்றிச் சால்வை கட்டியிருந்தாள். ஒரு பக்கம் வீங்கி, அந்தக் கண் சின்னதாகிப் போயிருந்தது. வீடெல்லாம் பல் நோவுக்கு வைத்த கராம்பு மணம். மேசையில் பாண் துண்டுகளைத் தேத்தண்ணிக்குள் ஊறப்போட்டு வைத்திருந்தாள். தேத்தண்ணி எனக்கும் வந்தது.

என் கெட்டித்தனத்தை எடுத்துவிட்டேன். "தவம், இது புதுசில்லை. உங்கடை பழைய இன்சூரன்ஸ் அப்பிடியே தொடருது. புதுக் காரியம் எண்டாத்தானே மார்கழி பாக்கவேணும்?"

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கே!

"ஓகோ. இது எந்த ஐயர் சொன்னவர்? உங்கடை ஒபிஸிலை இப்ப ஐயரும் வைச்சிருக்கினமோ?"

சிரிக்கப் போய், நோவில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மேசையில் கிடந்த என் போன் அதிர்ந்தது. முதலாளி. எடுக்கவில்லை. திரும்பவும் அதிர்ந்தது. கவிழ்த்து வைத்தேன்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் எங்களுக்குப் பழக்கின வசனங்கள் நிறைய இருக்கின்றன. "இண்டைக்கு விட்டா இனிக் கிடையாது", "பேந்து என்னைக் குறை சொல்லக்கூடாது", இப்படி. எல்லாம் உண்மையும்கூட. நாக்கு நுனியில் நின்றன. அவளின் வீங்கின முகத்தைப் பார்த்துவிட்டு வேறு ஒன்றைக் கேட்டேன்.

"தவம், மார்கழியிலை என்ன நடந்தது உங்களுக்கு?"

கொஞ்ச நேரம் கரண்டியால் தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"அவர் ஒரு தெப்பனர் எடுத்தவர், அக்கா. மூலைக்கடை. நான் சொன்னனான், மார்கழியப்பா, தைக்கு எழுதுவம் எண்டு. கேக்கேல்லை. மார்கழியிலை போய் கையெழுத்து வைச்சவர். மாசி பிறக்க முதல் ஆள் இல்லை."

என் பையைக் காலடிக்கு இறக்கினேன்.

"ஹார்ட். கடைக்குள்ளையே, பால் பெட்டி இறக்கேக்கை விழுந்தவர்." கரண்டியை வைத்தாள். "நெஞ்சு நோகுதெண்டு கார்த்திகையிலேயே சொன்னவர். டொக்டரிட்டைப் போவம் எண்டு நானும் சொன்னனான். கடையைத் திறந்தாப்போலை பாப்பம் எண்டவர். பேந்து பாப்பம், பேந்து பாப்பம் எண்டு..."

அந்தச் சொல்லில் நின்றுவிட்டாள்.

அவள் நின்ற இடம் எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்தது. "பாத்தியளோ, மார்கழி இல்லை, பிந்தினதுதான் காரணம்" என்று ஒரு வசனம் நான் சொல்லியிருந்தால் போதும், அத்தோடு அந்தக் கதவு சாத்தியிருக்கும். தன் வாயால் வந்த ஒன்றை மற்றவர் எடுத்து ஆயுதமாக்கினால் யாருக்குத்தான் பொறுக்கும்? வாயைப் பொத்திக்கொண்டு எழும்பி, இரண்டு கோப்பையையும் எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனேன். கழுவினேன். கழுவின கோப்பையைத் திரும்பவும் கழுவினேன். இவள் கையெழுத்து வைக்காவிட்டால் அந்தத் தொற்று என்ன செய்யுமோ என்று ஒரு பயம். வைத்து, தையைக் காணாமல் போய்விட்டால் அந்தப் பழி எங்கே போய் நிற்கும் என்று இன்னொரு பயம். இரண்டுக்கும் நடுவில் தண்ணி ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, தண்ணிக்குக் காசு குடுக்கிறதில்லை எண்டாலும் இப்பிடியோ?" என்றாள் மேசையடியில் இருந்து. பிறகு, "பேனையைத் தாங்கோ."

"பேனை இல்லை தவம். இப்ப எல்லாம் இதிலைதான்." ரப்லெற்றை நீட்டினேன். "விரலாலை வைக்கவேணும்."

"விரலாலையோ?" விரலைப் பார்த்தாள், ரப்லெற்றின் கண்ணாடித் திரையைப் பார்த்தாள். வீங்கின முகத்தில் ஒரு பக்கம் மட்டும் சிரிப்பு வந்தது. "ஏடு தொடக்கேக்கை அரிசியிலை எழுதினமாதிரிக் கிடக்கு. இது எங்கை கையெழுத்து! மார்கழிக்கு இது தெரியாது."

சொல்லிவிட்டுத் தவமணி என்று கோணல்மாணலாக எழுதினாள். பிறகு விரலை எடுக்காமலே சொன்னாள்:

"ஒண்டு சொல்லிப்போட்டன். பல் டொக்டரிட்டைத் தனியப் போகமாட்டன். நீங்கள் வரவேணும்."

அது எங்கள் வேலையில் சேர்ந்தது இல்லை. வருகிறேன் என்றேன்.

அந்த மார்கழி முழுக்க நான் பட்ட பாடு! ஒவ்வொரு நாளும் அவளுக்குப் போன். நடைபாதையில் ஐஸ், பார்த்து நடவுங்கோ. அடுப்பை நிப்பாட்டினீர்களா. நெஞ்சு ஏதும் இறுக்குதோ. ஒரு நாள் பொறுக்காமல் கத்தினாள்: "அக்கா, நான் சாகேல்லை! போனை வையுங்கோ!" வைத்தேன். ஆறுதலாக இருந்தது. சத்தம் போடுகிற ஆள் உயிரோடு இருக்கிற ஆள்தானே.

புது வருடத்துக்குப் பிறகு பல் டொக்டரிடம் போனோம். வாசலில் இருந்த பெண் "போன்ஜூர்" சொல்லி, என்னைக் காட்டி, உங்கள் சகோதரியா என்று பிரெஞ்சில் தவமணியைக் கேட்டாள். இல்லை, என் இன்சூரன்ஸ் ஏஜென்ட் என்று அவள் சொல்வாள் என நினைத்து, அதற்கேற்ற ஒரு சிரிப்பையும் தயாராக வைத்திருந்தேன். தவமணி ஓம் என்று சும்மா தலையை ஆட்டினாள். உள்ளே மெஷின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த நேரம் முழுக்க, அவளின் சால்வையையும் பனித் தொப்பியையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். இந்த ஊருக்கு வந்தபிறகு அப்படி ஒருவரின் சாமானைக் காத்துக்கொண்டு இருந்தது எனக்கு நினைவில்லை.

தைப்பொங்கலன்று விடிய அவளே எடுத்தாள். "தை பிறந்திட்டுது அக்கா. இருக்கிறன்." அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

அதன்பிறகு வருடா வருடம் மார்கழியில் திட்டத்தைப் புதுப்பிக்க நான் போவேன். ஒரு போனில் முடிகிற வேலை. நான் பஸ் எடுத்துப் போவேன். தேத்தண்ணி குடிப்போம், முதலாளியின் பகிடிகளைச் சொல்லிச் சிரிப்போம், வலப்பக்கத்தால் முறுக்குக் கடித்துக் காட்டுவாள்.

பிறகு மத்திய அரசின் பல் திட்டம் வந்தது. வருமானம் குறைந்தவர்களுக்கு, வேறு பல் காப்புறுதி இல்லாதவர்களுக்கு. சொந்தக் காசில் ஒன்று வாங்கி வைத்திருந்தாலும் அது கிடைக்காது. என் ஆட்களில் பாதிப் பேர் எங்கள் திட்டத்தை விட்டால் அதற்குள் போகலாம். முதலாளி, "நம்ம கடைய நாமளே இழுத்து மூடணுமாம்மா?" என்றார். எனக்கு அதிலும் பயம்தான். சொல்லாமல் விட்டு, பிறகு ஒருவர் கோவிலில் வைத்து "உங்களுக்குத் தெரிஞ்சுதானே இருந்தது" என்று கேட்டால் நான் எங்கே போய் நிற்பேன்? ஒவ்வொருவராக எடுத்துச் சொன்னேன். முதலில் தகுதி இருக்கிறதா என்று விசாரியுங்கோ, இருக்கிறது என்று தெரிந்தபிறகு எங்களுடையதை நிப்பாட்டுங்கோ, அவசரப்பட்டு இடையில் நிற்காதையுங்கோ என்று. நீங்களும் இப்படியே சொல்லுங்கோ. விற்கக்கூடாத இடத்தில் விற்காமல் விடுகிறதும் எங்கள் வேலைதான்.

தவமணிக்கும் சொன்னேன். தகுதி இருந்தது. நிப்பாட்டினாள். "பெரிய உதவி அக்கா" என்றாள். அதோடு சரி. புதுப்பிக்க ஒன்றும் இல்லாதபோது எந்தச் சாட்டில் பஸ் எடுப்பது? கொஞ்ச நாளில் நானும் வேலையை விட்டேன். என் ஆட்களின் பெயர்கள் எல்லாம் உங்களில் ஒருவரிடம் வந்திருக்கும். போன் அடிக்கிறது நின்றது. அடித்தால், ஏதோ விற்கிறவர்கள்.

போன மார்கழியில் எனக்குக் கடைவாய்ப் பல் ஒன்று வெடித்தது. எனக்கும் இப்போது அரசின் திட்டம்தான், செலவுக்குப் பயமில்லை. மயக்கம் கொடுத்துத்தான் பிடுங்கவேண்டுமாம். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக ஒரு ஆள் கட்டாயம் வேண்டும், பெயரைச் சொல்லுங்கோ என்று பல் டொக்டரின் இடத்தில் வேலை செய்கிற பிள்ளை போனில் கேட்டாள். பிறகு எடுத்துச் சொல்கிறேன் என்றேன்.

மகனுக்குச் சொன்னால் பிளேன் ரிக்கெற் பார்க்கத் தொடங்குவான், பிறகு லீவு இல்லை என்பான், பிறகு இரண்டு பேரும் கவலைப்படுவோம். போனில் இருக்கிற பெயர்களை மேலிருந்து கீழே பார்த்தேன். எல்லாம் என் ஆட்கள்தான். நான் அவர்களின் பல்லை எல்லாம் அறிவேன், யாருக்கு எந்தப் பக்கம் கட்டின பல், யாருக்குப் பல் முரசில் இரத்தம் வரும் என்று. என் பல்லைப் பற்றி ஒருவருக்கும் தெரியாது.

தவமணியை எடுத்தேன். அவள் கடையில் நின்றாள்போல, பின்னால் வண்டில் தள்ளுகிற சத்தம்.

"சொல்லுங்கோ அக்கா. நான்தான் எல்லாத்தையும் நிப்பாட்டிப்போட்டனே, பேந்தென்ன? புதுசா ஏதும் வந்திருக்கோ?"

ஒன்றுமில்லை, சும்மாதான் எடுத்தேன், வையுங்கோ என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அன்றைக்கு அவளின் குசினியில் வாயைப் பொத்தினது சரி. இன்றைக்கு அதையே செய்தால் அது வெறும் பயம்.

"விக்க எடுக்கேல்லை தவம். எனக்கு ஒரு பல்லுப் பிடுங்கவேணும். மயக்கம் குடுப்பினமாம். கூட்டிக்கொண்டு வர ஆள் இல்லை."

வண்டில் சத்தம் நின்றது.

"எப்ப?"

"வாற கிழமை. மார்கழிதான்... உங்களுக்கு மனமில்லாட்டி நான் தைக்குத் தள்ளிப்போட்டு..."

"அக்கா, உங்களுக்கென்ன விசரே? பல்லுக்கு என்ன மார்கழி!" கடைக்குள்ளேயே கத்தினாள். "நான் வாறன். சூப்பும் வைச்சுக்கொண்டு வாறன். அதுவரைக்கும் கராம்பை வைச்சுக்கொண்டு வாயைப் பொத்திக்கொண்டு இருங்கோ. ஒருத்தருக்கும் போன் எடுத்து அடுப்பு நிப்பாட்டினதோ எண்டு கேக்காதையுங்கோ."

வைத்துவிட்டாள். பிறகு நான் பல் டொக்டரின் இடத்துக்கு எடுத்து அவளின் பெயரைச் சொன்னேன். எழுத்துக்கூட்டிச் சொன்னேன், திரும்பவும் ஒருமுறை சொன்னேன்.

உறவு என்ன என்று கேட்டாள் அந்தப் பிள்ளை.

சகோதரி என்றேன்.